மாமன் சொல்லுத ஆபீஸ் சாத்திரம்

ஏ மருமவனே, சம்பளம் ஏறிருச்சுன்னே, சந்தோசம். பக்கத்துச் சீட்டுக்காரனுக்கு எந்த ஊருன்னு கேட்டா மட்டும் முழிக்கியே! ரெண்டு வருசமா அவன் முழங்கை ஒன் முழங்கையில ஒரசுது. கேட்டா, "சாட்ல பேசிக்கிடுவோம் மாமா"ங்க. கைக்கெட்டுத தூரத்துல இருக்கவனுக்குக் கடுதாசி போடுத பெரிய மனுசன் நம்ம வம்சத்துல நீ ஒருத்தந்தாண்டே.

"நானுண்டு, என் வேலையுண்டு"ன்னு பெருமை வேற. வேல உண்டு, சரி. அது சிக்கிக்கிட்டா யாரு உண்டு?

ஒன் மாமன் மக எம்.பி.ஏ. படிக்காள்லா, அவ சத்தம்போட்டுப் படிக்கையில திண்ணையில படுத்துக்கிட்டே நானும் பாதிப் படிப்ப முடிச்சிட்டேன். அமெரிக்காவுல ஜெராக்ஸ் கம்பெனி, மெஷின் ரிப்பேர் பாக்குத ஆளுகளுக்குத் தண்டிதண்டியா புஸ்தகம் குடுத்திருந்துச்சாம். இந்த நம்பர் வந்தா இந்தப் பார்ட்டப் பாரு, அந்த நம்பர் வந்தா அதப் பாருன்னு. அந்தக் கம்பெனி ஆராய்ச்சிச் சாலையில ஜூலியன் ஆர்னு ஒரு மானிடவியல்காரரு. 1980-கள்ல அவரு ரிப்பேர்காரங்க பின்னாலயே சுத்திப் பாத்திருக்காரு. மெஷின் புஸ்தகம் படிச்சிட்டா மக்கர் பண்ணும்? அது பாட்டுக்குப் புதுசு புதுசா ஒரு கோளாறக் காட்டும். காலையில பலகாரம் திங்கக் கூடுத எடத்துல ஒருத்தன், "நேத்து ஒரு மெஷின் என்னைய என்ன பாடு படுத்துச்சு தெரியுமா"ன்னு ஆரம்பிப்பான். அந்தக் கதையிலதான் அடுத்தவன் மெஷினுக்கு மருந்து இருக்கும். பிடிபடாத கோளாறுன்னா ரெண்டு பேரு மெஷின் பக்கத்துல உக்காந்து, பழைய கதைய மாத்தி மாத்திப் பேசியே வழி கண்டிருக்காக. மேல இருக்க அதிகாரிக்கு அது வெட்டிப் பேச்சு! ஆர் 1996-ல இத ஒரு புஸ்தகமாவே போட்டுட்டாரு. டீக்கட பெஞ்சுல வேல நடக்குதுன்னு கண்டுபிடிக்க கலிபோர்னியாவுல ஆராய்ச்சி, பாத்துக்கோ. பெறவு அந்த ஆளுக சொன்ன யோசனையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி, 'யுரேகா'ன்னு பேரு வச்சு, சொன்னவன் பேரையும் கூடவே போட்டிருக்காக.

ஒண்ணக் கவனிச்சியா? "தப்பான பார்ட்ட மாத்தித் தொலச்சேன்"னு ஒருத்தன் வாய் தொறக்கணும்னா, கேக்குதவன் அத மேனேஜர்கிட்டக் கொண்டுபோயி வத்தி வைக்க மாட்டான்னு தெரியணும்லா. ஒன்கிட்ட எவனாச்சும் அப்படிச் சொல்லியிருக்கானா? சும்மா கேட்டேன், மொறைக்காத.

அதுக்காக ஒத்துமைன்னாலே முதலாளிக்கு லாபம்னு எண்ணிராத. சிகாகோ பக்கத்துல ஹாதார்ன் ஆலையில 1931–32-ல 14 பேர ஒரே அறையில வச்சு வேலையக் கவனிச்சாக. கூடச் செஞ்சா கூடக் காசுன்னு இருந்தும், தங்களுக்குள்ள வச்சுக்கிட்ட அளவ அவுக தாண்டல. எவனாச்சும் மிஞ்சிச் செஞ்சா புஜத்துல நங்குன்னு ஒரு குத்து. சினேகிதம் அந்த வேலையும் பாக்கும்.

இன்னொரு வகை இருக்கு. "நம்ம ஊரு, நம்ம ஆளு"ன்னு மத்தியானச் சாப்பாட்டுக்குத் தனி மேசை போடுத கூட்டம். அங்க உக்காந்தேன்னா நாலு பேரு கிடைப்பாக, நாப்பது பேரு கழண்டுக்கிடுவாக. ஒனக்கு எது வசதியோ செய்யி, நான் என்ன சொல்ல.

ஆனா மடையத் தொறந்த பெறவு வாய்க்கா வெட்ட மம்பட்டியத் தேடாத. வேலையில்லாத அன்னைக்கே நாலு பேருகிட்டப் பேசு. சின்னதா ஒரு ஒத்தாச கேளு. கேட்டா மதிப்புக் கொறையும்னு எந்த மடையன் ஒனக்குச் சொன்னான்? ஒருத்தன்கிட்ட ஒதவி கேட்டுப் பாரு, மறுநா அவனே வந்து "சரியாயிருச்சா?"ம்பான்.

சாத்தூர்ல சொல்லி நாலு பாக்கெட்டு காராச்சேவு வாங்கி வச்சிருக்கேன். ஒனக்கு இல்லடே, ஆபீசுக்கு. வாட்ச்மேன் அண்ணாச்சிக்கு மொதல்ல குடு, அப்படியே பேரையும் கேட்டுட்டு வந்து எனக்கு போன்ல சொல்லு. மேனேஜருக்குன்னு தனியா ஒரு பாக்கெட்ட ஒதுக்கினேன்னு காதுல விழுந்துச்சோ, பொங்கலுக்கு வரையில ஒன் அத்தை கையால மோருகூடக் கிடைக்காது.