நரைத்த மூக்கு

நாய் விற்ற காசு குரைக்காது என்பது பழமொழி. நாய் பேரில் கட்டிய பிரீமியமும் குரைக்காது என்பதை ஆறு வருஷம் கட்டித் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஜிம்மி கறுப்பு லாப்ரடார். நாலு வயதில் பாலிசி எடுத்தோம். வந்த ஏஜென்ட் தம்பி அதன் தாடையைத் தடவி, "சூப்பர் ஹெல்த் சார், இவனுக்கு க்ளெய்மே வராது" என்றார். வாழ்த்து என்று நினைத்தேன். கம்பெனியின் தொழில் ரகசியத்தை அல்லவா சொல்லியிருக்கிறார்! முன்பக்கம், இடம், வலம், மூக்கு மட்டும் தனியாக என்று படம் பிடித்துக்கொண்டார். என் கல்யாணத்தில்கூட என்னை இத்தனை கோணத்தில் எடுக்கவில்லை.

ஒன்பது வயதில் உண்ணிக் காய்ச்சல். மூன்று நாள் டிரிப்ஸ். பில்லை அனுப்பினேன். பாலிசிப் படத்தில் மூக்கைச் சுற்றிக் கறுப்பு, இப்போது வெள்ளை. ஆகவே இது அதே நாய்தானா என்பது உறுதியாகவில்லை என்று பதில். ஐயா, அதற்குப் பேர் நரை. உங்கள் மேனேஜரின் ஆதார் படத்தையும் அவர் தலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாநகராட்சி சொன்னபடி மைக்ரோசிப் போட்டிருக்கிறதே என்றேன். சிப் போட்டது பாலிசிக்குப் பிறகாம். சரி, தடுப்பூசி அட்டை? பூஸ்டர் பன்னிரண்டு நாள் தாமதமாம். உண்ணிக் காய்ச்சலுக்கு இங்கே ஏதப்பா தடுப்பூசி?

"விதிமுறை சார்."

பல நாய் பாலிசிகளில் ஏழெட்டு வயதோடு சேர்க்கை முடிந்துவிடும். பத்து வயதில் கழுத்துப்பட்டையோடு வெளியே. லாப்ரடார் வாழ்வதே பத்துப் பன்னிரண்டு வருஷம். இடுப்பு மூட்டு தேய்வதும் சிறுநீரகம் மக்கர் பண்ணுவதும் பெரும்பாலும் அந்தக் கடைசி வருஷங்களில்தான். பசிக்காத நாளில் மட்டும் இலை போடுகிற மெஸ்ஸுக்கு வருஷக்கணக்கில் சந்தா கட்டிய மகான் நான்.

மனிதர்கள் கதை மட்டும் என்ன வாழ்ந்தது? மருத்துவக் காப்பீட்டில் 65 வயதைத் தாண்டியவரைப் புதிதாகச் சேர்க்க மறுக்க இடம் கொடுத்த விதி 2024 ஏப்ரலில்தான் மாறியது. கதவைச் சாத்த முடியாதா, வாசலிலேயே வசூலி! மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் எங்களைக் கேள் என்று 2025 ஜனவரியில் ஒழுங்குமுறை ஆணையம் பிரம்பெடுக்க வேண்டியிருந்தது. ஓட்டுள்ள கிழவர்களுக்கே இந்தக் கதி. ஜிம்மிக்கு இருப்பது வால்தான். அதையும் கண்டவனுக்கெல்லாம் ஆட்டித் தொலைக்கிறது.

நேற்று வேப்பேரி கால்நடை மருத்துவமனை வரிசையில், ஜிம்மியின் இடுப்புக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். முன்னால் ஓர் ஆட்டோக்காரர். மடியில் பதினாலு வயது நாட்டு நாய். போன் சிணுங்கியது.

"அன்புள்ள ஜிம்மி, 10ஆவது பிறந்தநாள் வாழ்த்துகள்! உங்கள் பாலிசி இன்றுடன் நிறைவடைகிறது. வீட்டில் புதுக் குட்டி உண்டா? முதல் வருஷம் 10 சதவீதத் தள்ளுபடி!"

ஆட்டோக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். தன் நாயின் காதைச் சொறிந்துகொண்டே யோசித்தார்.

"ஒண்ணுமே வராத குட்டியாப் பாத்து வாங்கணும் போல சார்."