ஜாவா பட்டாபிஷேகம்

நீலகிரி எமரால்டில் உட்கார்ந்துகொண்டு ஜாவா வரலாறு சொல்ல எனக்கென்ன தகுதி? இருக்கிறது. ஜாவாவிடம் தோற்ற முதல் ஊர்க்காரர்கள் நாங்கள்.

1860-களில் ஊட்டி தாவரவியல் பூங்காவின் மெக்ஐவர் துரை தொட்டபெட்டாவில் சின்கோனா நட்டார். மலேரியா மருந்தான குயினைன் அதன் பட்டையில்தான் இருக்கிறது. 1865-ல் லெட்ஜர் என்ற வியாபாரி அனுப்பிய உசத்தி விதையை லண்டன் சர்க்கார் வேண்டாமென்றது. டச்சுக்காரர்கள் ஒரு பவுண்டு வாங்கி ஜாவாத் தீவில் விதைத்தார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் குயினைன் சந்தை அவர்கள் மடியில். நாங்கள் தேயிலையைக் கட்டிக்கொண்டோம்.

இரண்டாவது ஜாவா நிரல்மொழி; 1995-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தது. சன் கம்பெனியின் ஜேம்ஸ் காஸ்லிங் ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தைப் பார்த்து முதலில் 'ஓக்' என்றார். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கம்பெனி இருந்ததால் ஜாவா காபியின் பெயருக்குத் தாவினார்கள்.

மூலநிரலைச் சுதந்திரமாகத் தராத சம்பந்தம் லினக்ஸ் வீட்டாருக்கு ஆகாது. ஆகவே காஃபே, ஜிசிஜே என்று சிக்கரி டிகாஷன் இறக்கிப் பார்த்தார்கள். குடிக்கலாம், காபி என்று சத்தியம் பண்ண முடியாது. 2006-ல் மூலநிரலைத் திறக்க சன் மனமிரங்கியது. ஆனால் 2007 மே மாதம் வந்த ஓப்பன்ஜெடிகே வீட்டில் சில அறைகள் பூட்டியே கிடந்தன. ஜூனில் ரெட் ஹாட் ஆட்கள் அவற்றுக்குப் பதிலாகக் கட்டற்ற சரக்கை வைத்து வெளியிட்டார்கள். பெயர்? ஐஸ்டு டீ! காபியைக் கரையேற்றியது டீ. எமரால்டில் அன்று வெடி வெடித்திருக்க வேண்டும். மேகத்தில் தகவல் வழி தவறியிருக்கும்.

விடுதலைக்குப் பிறகுதான் வாரிசுச் சண்டை. ஒரே மெஷினில் ஜாவா 8, 11, 17 பதிப்புகள். 'ஜாவா' என்று கூப்பிட்டால் யார் வருவது? டெபியன் லினக்ஸ் கூட்டிய பஞ்சாயத்துதான் அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ். எமரால்டு அணைத் தண்ணீர் சுரங்கம் புகுந்து குந்தா மின்நிலையத்துக்குப் போகிறதல்லவா? அதேபோல நாம் கூப்பிடும் ஜாவா வெறும் மதகு. அங்கிருந்து ஈடிசி வழியாக இரண்டு சிம்லிங்க் தாண்டினால்தான் அசல் ஜாவா. ஆட்டோவில் விட்டால் முன்னுரிமை எண் பெரிதானவருக்குப் பட்டம்: 8-க்கு 1081, 17-க்கு 1711. 'கான்ஃபிக்' போட்டு நாமே முடிசூட்டினால் அது மேனுவல். அப்புறம் 21 மேளதாளத்தோடு வந்தாலும் திண்ணைதான்.

ஜாவா-ஹோம் என்ற சூழல்மாறி மாமனாருக்கு மட்டும் பட்டாபிஷேகப் பத்திரிகை போகாது, அவர் தனிக்குடித்தனம். நாம் 17-க்கு முடிசூட்டியிருப்போம்; மேவன் என்ற பில்ட் கருவி நேரே அவரிடம் போய்க் கேட்கும்; அவர் '8' என்பார். அவரையும் தனியாகப் போய்த் தாம்பூலம் வைத்துத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

எமரால்டு டீக்கடையில் இந்த வம்பில்லை. 'அண்ணே, ஒண்ணு' என்றால் டீதான். காபிக்கு வாயைத் திறந்து கேட்க வேண்டும். சின்கோனாவில் தோற்ற கோபத்தில் எவரோ மேனுவலில் போட்டது. இன்னும் ஒருத்தரும் ஆட்டோவுக்கு மாற்றவில்லை.