தண்ணீர்ப் பந்தலின் நிழல்: திருக்கழுக்குன்றத்துத் தாகம் குறித்த ஓர் ஆய்வு

தண்ணீர்ப் பந்தல் என்பது, கோடைத் திருவிழாவுக்கு வருவோருக்கு நீரும் மோரும் பானகமும் விலையின்றி வழங்கும் பொருட்டுக் கீற்று வேய்ந்து அமைக்கப்படும் தற்காலிகக் கூரையாகும். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட திருக்கழுக்குன்றத்தில், வேதகிரீசுவரரின் சித்திரைப் பெருவிழாத் தேரோட்டத்தை ஒட்டி இத்தகைய பந்தலை நாடிவரும் தாகம் மூவகைப்படும். வெயிலில் நடந்ததால் வருவது நடைத்தாகம். மோருக்காக நின்றதால் வருவது வரிசைத்தாகம். தாகமே இல்லாதிருந்தும் டம்ளரைக் கண்டவுடன் தோன்றுவது ஓசித்தாகம். மூன்றாம் வகையினர் முதல் வகையினருக்கு முன்னால் போய் நிற்பதே இரண்டாம் வகை தோன்றக் காரணம் என்பது இவ்வாய்வின் முதல் முடிபு.

கடல் அருகிருப்பதால் இப்பகுதிக் காற்றில் ஈரம் மிகுதி. ஆதலின் வியர்வை உலர்ந்து உடலைக் குளிர்விக்காமல் வழிந்தோட, நீரோடு உப்பும் வெளியேறுகிறது. உப்பிட்ட நீர்மோர் அவ்விழப்பை ஈடுசெய்ய, வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்ந்த பானகத்தின் இனிப்பு, உப்பும் நீரும் குடலில் உறிஞ்சப்படத் துணைபுரிகிறது. வயிற்றுப்போக்குக்கு 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுப்பதன் அடிப்படையும் இதுவே. எனினும், மோர் ஒரு வீதியிலும் பானகம் மறு வீதியிலும் வழங்கப்படுமிடத்து, இரண்டையும் பருக விழையும் அடியார் இடைவழியில் மீண்டும் வியர்த்து, புறப்பட்ட நிலைக்கே திரும்புகிறார்.

ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது யூதர்களின் குடில் திருவிழாவாகிய சுக்கோத். ஏறத்தாழ 25 மணி நேரம் தண்ணீரும் அருந்தாத யோம் கிப்பூர் நோன்புக்கு ஐந்தாம் நாள் தொடங்கும் அவ்விழாவில், 7 நாள் தழை வேய்ந்த குடிலில் உண்டு உறைவர். நிழலினும் வெயில் மிகுந்த குடில் செல்லாது என்பது மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பின் விதி. இவ்விதியை இங்கே பொருத்தினால், நிழல் பானைக்கும் வெயில் குடிப்பவருக்கும் என்றிருக்கும் பந்தல்கள் யாவும் செல்லாதவையாகும்.

திங்களூரில் தண்ணீர்ப் பந்தல் வைத்த அப்பூதி அடிகள், தம் பெயரை விடுத்துத் திருநாவுக்கரசர் பெயரையே அதற்கு இட்டார் எனப் பெரியபுராணம் கூறும். இக்காலத்திலோ உபயதாரரின் படம் தாங்கிய ஃப்ளெக்ஸ் பேனர் பந்தலினும் பெரிதாக நிற்கிறது. இதனைக் குறையெனக் கொள்வதற்கில்லை: அந்தப் பேனரை அவிழ்த்து வரிசையின் தலைக்குமேல் விரித்துக் கட்டினால், நிழல் வெயிலை விஞ்சும், வரிசைத்தாகம் ஒழியும், உபயதாரரின் முகமும், புண்ணியக் கணக்கு எழுதப்படும் திசையாகிய வானத்தை நோக்கியே இருக்கும்.