கஷ்டம் மனதை உரமாக்குமா?

கஷ்டப்பட்டால்தான் மனசு உரமாகும் என்கிறார் என் மாமனார். உண்மையா?
(இல்லத்தரசி, கரூர்)

பாதி உண்மை. மார்க் சீரி என்ற உளவியலாளரின் குழு அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. துன்பமே அறியாதவர்களையும், அடிமேல் அடி வாங்கியவர்களையும்விட, ஓரளவு பட்டுத் தெளிந்தவர்களே மனநலத்தில் மேலாக இருந்தார்கள். அளவுதான் விஷயம். மருமகளுக்கான அளவை மாமனார் முடிவு செய்யக் கூடாது!

மன உறுதிக்கு ஒரே ஓர் ஆளைச் சொல்லுங்கள்.
(கல்லூரி மாணவர், தேனி)

எர்னஸ்ட் ஷாக்கிள்டன். அண்டார்டிகாவைக் குறுக்கே கடக்கப் போனவர். 1915 ஜனவரியில் அவரது 'எண்டூரன்ஸ்' கப்பல் பனியில் சிக்கி, நவம்பரில் மூழ்கியது. 28 பேருக்கும் மிதக்கும் பனிமேல்தான் குடித்தனம். சுமையைக் குறைக்கத் தங்கக் காசுகளையே வீசியெறிந்தவர், குழுவில் ஒருவரான ஹஸ்ஸியின் பாஞ்சோ இசைக்கருவியை மட்டும் விடவில்லை. பாட்டு இல்லாவிட்டால் மனம் முதலில் சாகும் என்று அவருக்குத் தெரியும். முணுமுணுக்கும் ஆட்களைத் தன் கூடாரத்திலேயே வைத்துக்கொண்டார். பிறகு எல்லோரும் எலிஃபண்ட் தீவை அடைந்ததும், அங்கிருந்து 5 பேருடன் சிறு படகில் சுமார் 1,300 கி.மீ. கடந்து உதவி தேடிப் போனார். தீவில் காத்திருந்த 22 பேரில் ஒருவரான ஃபிராங்க் வைல்ட், மற்றவர்களிடம் 'மூட்டை கட்டுங்கள், தலைவர் இன்று வரலாம்' என்று சொல்லிச் சொல்லியே நம்பிக்கையைக் காத்தார். 1916 ஆகஸ்ட் 30 அன்று தலைவர் வந்தார். 28 பேரும் பிழைத்தார்கள்.

உறுதி இருந்தால் யாரும் தப்பிவிடலாமா?
(ஓட்டுநர், ஓசூர்)

இல்லை. ஷாக்கிள்டனின் அதே பயணத்துக்காக அண்டார்டிகாவின் மறுகரையில் உணவுக் கிடங்குகள் அமைத்த குழுவில் 3 பேர் இறந்தார்கள். அவர்களுக்கு உறுதி போதவில்லை என்று சொல்ல எனக்கு நா எழாது.

மகன் மலையேற்ற முகாமுக்குப் போக வேண்டும் என்கிறான். பயமாக இருக்கிறது.
(ஒரு தாய், தஞ்சாவூர்)

அனுப்புங்கள். 1941இல் கல்வியாளர் குர்ட் ஹான் வேல்ஸில் இத்தகைய பயிற்சிப் பள்ளியைத் தொடங்கக் கைகொடுத்ததே இளம் மாலுமிகள் ஆபத்தில் தளர்ந்துவிடாமல் இருக்கத்தான். ஆனால் இரண்டு கேள்வி கேளுங்கள்: முதலுதவி தெரிந்த வழிகாட்டி உண்டா? பையன் 'போதும்' என்றால் இறக்கிவிடுவார்களா? இரண்டாவதற்குச் சிரித்து மழுப்பினால் அந்த முகாம் வேண்டாம்.

வேலை போய்விட்டது. 'இதையும் சாகசமாக எடுத்துக்கொள்' என்கிறார்கள் நண்பர்கள்.
(வாசகர், திருப்பூர்)

சாகசம் நாமே தேடிப் போவது. இது உங்கள்மேல் வந்து விழுந்தது. தனியாகத் தாங்க வேண்டியதில்லை. தூக்கம் கெட்டால், வாழவே பிடிக்காமல் போனால், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இன்றே பேசுங்கள்.