மூக்கால் உருட்டிய கோலி

1939-ல் ஹார்வர்டு மாணவர் ஒருவர் பந்தயம் கட்டி, உயிரோடு ஒரு தங்கமீனை விழுங்கினார். சிங்கப்பூரின் தேக்கா மார்க்கெட்டைப்போல மீன் வாங்கிக் குழம்பு வைக்கத் தெரிந்த ஊராக இருந்தால் இந்தக் கொடுமை நடந்திருக்காது. 1959-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 25 மாணவர்கள் ஒரே தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்தார்கள். மணி அடித்திருந்தால் எடுக்கக் கை இருந்திருக்காது.

சிங்கப்பூர் மட்டும் சும்மா இருந்ததா? புக்கித் தீமாவில் இருந்த ராஃபிள்ஸ் கல்லூரியில் புதுமுகங்களுக்கு ராகிங் உண்டு. 1940-ல் சேர்ந்த ஒரு பையன் சேவல்போலக் கூவினான். தரையில் ஊர்ந்து கோலிக்குண்டை மூக்காலேயே தள்ளிக்கொண்டு போனான். பெயர் லீ குவான் யூ. உருட்டச் சொன்ன சீனியர்கள் பிற்பாடு எப்படித் தூங்கினார்களோ!

கல்லூரி தப்பான பழக்கங்களை வளர்க்கிறது என்று அவர் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். இரண்டாம் ஆண்டில் ராகிங்கைத் தடுக்கப் பார்த்தாராம், ஒருவரும் கேட்கவில்லையாம். அவர் சொல்லி சிங்கப்பூர் கேட்காமல் போன அபூர்வ சந்தர்ப்பம் அது. 1959-ல் பிரதமரானதும் அவருடைய அரசு, சீரழிவு என்று கருதிய 'மஞ்சள் கலாசாரத்தை' ஒழிக்கக் கிளம்பி, பின்பால் விளையாட்டுக் கூடங்கள்மீதுகூடக் கை வைத்தது. குண்டு உருட்டும் எந்த விளையாட்டும் அவருக்கு ஆகாமல் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அதே புக்கித் தீமா வளாகத்தில்தான் இன்று லீ குவான் யூ பொதுக்கொள்கைப் பள்ளி இயங்குகிறது.