நெரிசல் இல்லாத பள்ளிக்கூடம்

எங்கள் பேரூராட்சியில் கூட்டம் இல்லாத இடம் ஒன்று உண்டென்றால் அது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிதான். ரேஷன் கடையில் வரிசை, டவுன் பஸ்ஸில் தொங்கல், டாஸ்மாக்கில் தள்ளுமுள்ளு. இங்கே மட்டும் பெஞ்சுக்கு ஒரு பிள்ளை; வேண்டுமானால் கால் நீட்டிப் படுக்கலாம்.

60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். வகுப்போ ஐந்து. ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் மற்றவரின் சாமர்த்தியத்தைக் கண்ணாரப் பார்க்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கு அகரம், ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம், நடுவே முட்டைக் கணக்கு. அந்தக் காலத்தில் அஷ்டாவதானிக்குப் பொற்கிழி கொடுத்தார்கள். நாம் எமிஸ் செயலி கொடுத்திருக்கிறோம். வருகையைப் பதிவேற்ற, ஆசிரியர் சிக்னல் தேடிச் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொடிக்கம்பத்தைச் சுற்றி வருவார். பிள்ளைகள் ஜன்னல் வழியே ஆவலாகப் பார்ப்பார்கள். அன்றைய முதல் பாடம் அதுதான்.

அரசின் பெருந்தன்மையையும் சொல்ல வேண்டும். புத்தகம், சீருடை, மதியம் முட்டையோடு சத்துணவு, 2023 ஆகஸ்டிலிருந்து காலை உணவு. இத்தனையும் கொடுத்துவிட்டு, தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களுக்குக் கட்டணத்தையும் தானே ஏற்றுக்கொள்கிறது. தன் பள்ளி காலியானாலும் பக்கத்துத் தெரு மெட்ரிக் பள்ளி நிறைய வேண்டும் என்கிற மனசு யாருக்கு வரும்?

எங்கள் ஊர்ப் பெருமக்களும் சளைத்தவர்கள் அல்லர். மார்ச் மாதம் சேர்க்கைப் பேரணி நடக்கும். மேளம், பதாகை, 'அரசுப் பள்ளியில் சேர்ப்போம்' என்ற முழக்கம். எதிரே மெட்ரிக் பள்ளியின் மஞ்சள் வேன் வந்தால் பேரணி மரியாதையாக ஒதுங்கி வழிவிடும். விடாமல் எப்படி? முன்வரிசையில் நடக்கும் கவுன்சிலர்கள், வாத்தியார்கள், டீச்சர்களின் பிள்ளைகள் அதில்தானே வருகிறார்கள்! இலவசக் கல்வியை ஏழைகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தாங்கள் நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டும் தியாகிகள். அரசுச் சம்பளம் வாங்குவோர் தம் பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. நல்ல வேளை, அது உத்தரப் பிரதேசத்துக்கு. நம்மவர்களின் தியாகத்துக்குப் பங்கம் வரவில்லை.

ஊர்ப் பெருமக்களின் தியாகம் இப்படியென்றால், நூறு சதவீதத் தேர்ச்சி காட்டும் சில மேல்நிலைப் பள்ளிகளின் தீர்க்கதரிசனமும் லேசுப்பட்டதல்ல. பத்தாம் வகுப்பில் தேறமாட்டான் என்று தெரிந்தால் ஒன்பதிலேயே டி.சி. கொடுத்து, தோல்விப் பட்டியலில் அவன் பெயர் வராமல் காப்பாற்றிவிடுகிறார்கள்.

வரும் ஜூனிலும் எங்கள் தொடக்கப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பில் இடத்துக்குப் பஞ்சமில்லை. நன்கொடை இல்லை, சிபாரிசு வேண்டாம், ஐந்து வயது நிறைந்திருந்தால் போதும். பேரணிக்கு வரும் கவுன்சிலர்களே, வாத்தியார்களே, டீச்சர்களே, இந்த முறை பதாகையை வீட்டில் வைத்துவிட்டுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வாருங்கள்.