டாங்கே

ஸ்டுட்கார்ட்டுக்கு வேலைக்குப் போன புதிதில், பக்கத்து மேஜைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் காபி சாப்பிடக் கூப்பிட்டார். 'ஹால்ப் ஃபியர்' மணிக்கு வரச் சொன்னார். ஹால்ப் என்றால் அரை, ஃபியர் என்றால் நான்கு. ஆக, நாலரை.

ஜெர்மன்காரர்களின் நேரம் தவறாமையைச் சொல்லி ஊரிலேயே பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். 4.25க்கே போய் மணியடித்தேன். கதவைத் திறந்தவர் முகத்தில் துக்க வீட்டுக் களை. அங்கே 'அரை நான்கு' என்றால் மூன்று முடிந்து நான்கை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்று அர்த்தமாம். அதாவது மூன்றரை. நாம் முடிந்த மணியோடு அரையைக் கூட்டுகிறோம். அவர்கள் வரப்போகும் மணியிலிருந்து அரையைக் கழிக்கிறார்கள். இந்தக் கழித்தலில் 55 நிமிடம் காபி ஆறிப்போயிருந்தது. (நம்மூரில் இதற்குத் தாமதம் என்றா பெயர்?)

மேஜையில் பிளம்ஸ் கேக். நம்மூர்க் கிறிஸ்துமஸ் கேக் இல்லை. நிஜமாகவே பிளம்ஸ் பழத்தை வரிசையாகப் பதித்துச் சுட்டு, மேலே அடித்த க்ரீமைக் குவித்திருந்தார்கள். இதற்காக நான் மதியச் சாப்பாட்டையே தியாகம் செய்திருந்தேன். முதல் துண்டு போன இடம் தெரியவில்லை. "இன்னொன்று?" என்றார் வீட்டம்மா.

எங்கள் வீட்டு வளர்ப்புப்படி முதலில் "வேண்டாம்", பிறகு "போதும்", மூன்றாம் தடவை "சரி, கொஞ்சமா". அந்நிய தேசத்தில் இந்த வம்பு எதற்கு என்று, வாழ்க்கையிலேயே முதல்முறையாக உடனே சம்மதித்தேன். தலையை இடமும் வலமுமாக நன்றாக ஆட்டி, "டாங்கே" என்றேன். நன்றி என்பதற்கு நான் மனப்பாடம் செய்திருந்த வார்த்தை.

தட்டு எழுந்து சமையலறைக்குள் போய்விட்டது.

ஏதாவது நீட்டும்போது வெறும் டாங்கே சொன்னால் 'வேண்டாம், நன்றி'. வேண்டுமென்றால் 'பிட்டே' சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு என் தலையாட்டல் வேறு அந்த மறுப்புக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தது. ஞாயிறு என்பதால் வழியில் கடை எல்லாம் பூட்டு. அன்றிரவு ரொட்டிக்கு மாவடு தொட்டுக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அதே மனிதர் சென்னைக்கு வேலையாக வந்தவர், கும்பகோணத்தில் எங்கள் வீட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர். காலி இலையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது என் அம்மாவுக்கு. அவர் காலி செய்ய, அம்மா நிரப்ப, போட்டி சாம்பாரிலிருந்து ரசத்துக்கு முன்னேறியது. நான் சொல்லிக்கொடுத்த "போதும்" என்பதை மூன்று முறை சொல்லிப் பார்த்தார்.

"பாவம், கூச்சப்படுறாரு" என்று இன்னும் இரண்டு வடை வைத்தாள் அம்மா.

இலையை மடித்தால் தப்பிக்கலாம் என்று காதில் ஓதினேன். மடித்தார். "ஐயையோ, பாயசமே வரலையே!" என்று அம்மா பதறியதில், பயந்துபோய் இலையை மறுபடி விரித்துவிட்டார்.

பாயசம் வந்தது. குடித்தார். அம்மா அடுத்த கரண்டியை எடுத்ததும், வேர்த்துப்போய், தாய்மொழியிலேயே கெஞ்சினார்: "டாங்கே! டாங்கே!"

"என்னடா சொல்றாரு?" என்றாள் அம்மா.

அந்த பிளம்ஸ் கேக் என் கண்முன் ஒரு நிமிஷம் வந்து போனது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்றாரும்மா."